காட்டிட்டு வந்த வண்டி

அந்த வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஆத்திரமே அதுதான்.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில், கீற்றுச் சார்ப்புக்குக் கீழே நிற்கிறது. மாதக்கணக்கில் தொடாமல் விட்டாலும், யாராவது ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி ஓங்கி ஓர் உதை விட்டால் போதும், தெரு முழுக்க வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்துவிடும். 2010-இல் கொண்டுபோய்க் காட்டியபோது, இன்னும் ஐந்து வருடத்துக்கு இது ரோட்டில் ஓடலாம் என்று கவர்ன்மெண்டே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. ஓட்டினவருக்கு யாரும் அப்படிக் குத்திக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் 2011-இல் போய்விட்டார். நெஞ்சில் வந்த வியாதி. சீக்கிரம் காட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்றார்கள். ஏன் காட்டவில்லை என்பதை இந்த வண்டியை விட்டுவிட்டு என்னால் சொல்ல முடியாது.

வண்டி வாங்கியது 1990-இல். எங்களுக்குக் கல்யாணமானதும் அதே வருடம். "மாமா ஒரே வருஷத்துல ரெண்டு பேரை வீட்டுக்குக் கொண்டாந்தாரு. ரெண்டு பேருக்கும் மாலை போட்டாரு. வண்டிக்கு மட்டுந்தான் எலுமிச்சம்பழம் வச்சி ஏத்துனாரு" என்று என் தம்பி கேலி செய்வான். "உங்கக்காவுக்கு எதுக்கு மச்சான் எலுமிச்சம்பழம்? அவளப் பாத்தா திருஷ்டியே ஓடிடும்" என்று இவர் எடுத்துக் கொடுப்பார். இரண்டு பேரும் சேர்ந்தால் என் தலைதான் உருளும்.

அவருக்குக் கடலூர் முதுநகரில் ஒரு மரவாடியில் கணக்குப்பிள்ளை வேலை. எனக்குச் சிதம்பரத்தில் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை வேலை. என் வேலைக்காகச் சிதம்பரத்தில் குடித்தனம், அவர் தினமும் முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று அந்த ரோட்டிலேயே போய் வருவார். பஸ் இல்லையா, ரயில் இல்லையா? எல்லாம் இருக்கிறது. "பஸ்ஸுல போனா நான் பாசஞ்சரு. வண்டியில போனா நான் டிரைவரு" என்பார். பெரிய கண்டுபிடிப்பு! மழைக்காலத்தில் தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நிற்பார். முதலில் வண்டியைத் துடைப்பார், பிறகுதான் தலையைத் துவட்டுவார். அந்தத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு நான் கத்துவேன்.

அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் கொஞ்சம் கூடினால் பிளக்கில் கரி பிடித்து வழியில் நின்றுவிடும், குறைந்தால் இஞ்ஜின் சூடேறி இறுகிவிடும். அந்த அளவு அவர் கைக்குத்தான் தெரியும். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் வைத்திருப்பார். பிளக்கைக் கழற்றித் தேய்த்து ஊதி மாட்டுவார். நான் அந்தச் சட்டையைத் துவைக்கும்போது உப்புத்தாள் விரலைக் கீறும். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அது நின்றாலும் நின்ற இடத்திலேயே கிடந்ததில்லை. எத்தனை நேரமானாலும் அவரை வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் அதைச் சகித்துக்கொண்டேன்.

சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லோடு வருகிறது என்று முதலாளி கூப்பிட்டதால் அன்றைக்கும் மரவாடிக்குப் போயிருந்தார். ஆற்று வழியாகத் தண்ணீர் ஏறி வாடிக்குள் புகுந்துவிட்டது. அவர் கட்டை அடுக்கின் மேல் ஏறிக்கொண்டார், வண்டி உப்புத்தண்ணீரில் முழுகிவிட்டது. சாயங்காலம் யாரோ ஒருவரின் லாரியில் ஏறி, செருப்பில்லாமல் வீட்டுக்கு வந்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "வண்டி போயிடுச்சும்மா" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அழுகையே நின்றுவிட்டது.

வண்டி போகவில்லை. மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மெக்கானிக் பாய் கடையில் இறக்கினார். பாய்க்கு லால்பேட்டை, சிதம்பரத்தில் கடை. இருவரும் சேர்ந்து இஞ்ஜினைப் பிரித்து, நல்ல தண்ணீரிலும் மண்ணெண்ணெயிலும் கழுவி, ஒவ்வொரு ஸ்குருவாகத் துடைத்துப் பூட்டினார்கள். பொங்கலுக்குள் ஓடிற்று. ஆனால் உப்பு உள்ளே போய்விட்டது. அதன் பிறகு எங்கே சுரண்டினாலும் துருதான் உதிர்ந்தது.

2005-இல் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. இன்னும் ஓடத் தகுதி உண்டு என்று சான்று வாங்க எஃப்சி காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை அப்படித்தான் சொல்வோம். பரிசோதனைக்கு உட்படுத்துவது என்றெல்லாம் காகிதத்தில்தான் இருக்கும். வாயில் வருவது "காட்டணும்." வண்டியைக் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டணும். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று போர்டில் எழுதியிருந்தாலும் ஜனங்களுக்கு அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். அவர் லைட்டைப் போடச் சொல்வார், ஹாரனை அடிக்கச் சொல்வார், ஓட்டிப் போய்ப் பிரேக் பிடிக்கச் சொல்வார், புகையைப் பார்ப்பார். பாஸ் ஆனால் ஐந்து வருடம்.

கல்யாணத்துக்குப் பெண்ணை அலங்கரிக்கிற மாதிரி பாய் அதை அலங்கரித்தார். டயர், கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம் கடையில் நின்ற இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியவை. காட்டிவிட்டு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எல்லாரும் செய்கிறதுதான். அப்படியும் முதல் தடவை பெயிலாகிவிட்டது. வண்டியின் உடம்பில் வெட்டியிருக்கிற சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் விழ வேண்டும். உப்பு தின்ற இடத்தில் நம்பர் விழவில்லை. புகையும் ஜாஸ்தி. சரி பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப் போனதை என்ன சொல்ல! பெண்ணாடத்தில் இருக்கிற என் நாத்தனார் போனில் கேட்டாலும், எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டே கேட்டாலும், "காட்டிட்டீங்களா?" என்பதுதான் கேள்வி. யாரும் வண்டி என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டியதில்லை. சைலன்சரை நெருப்பில் போட்டுக் கரியை எடுத்து, எமரித் தாளால் நாள் கணக்கில் தேய்த்து நம்பரைக் கண்ணுக்குக் கொண்டுவந்து, மறுபடி போய்க் காட்டினார். பாஸ். வாசலில் ஸ்டாண்டு போடும்போதே, "காட்டிட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் ஓடிப்போய்க் கைதட்டினாள். வேலையில்லாத கூட்டம் என்று நான் உள்ளே போய்விட்டேன். உள்ளே போய்ச் சிரித்தேன்.

அந்த ஐந்து வருடம் ஓடினது தெரியவில்லை. மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், வாசலில் அது.

2010-இல் மறுபடியும் காட்ட வேண்டிய வருடம் வந்தது. அதே வருடம்தான் அவருக்கு இருமலும் வந்தது. அவர் சிகரெட் பிடிப்பார். அதிகமில்லை என்பார். எல்லாருமே அப்படித்தானே சொல்கிறார்கள். இருமல் போகவில்லை. படுத்தால் நெஞ்சில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குப் பயம் பிடித்தது அந்தச் சத்தத்தால் அல்ல. ஒரு நாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியை உதைத்தார், எழவில்லை. இரண்டாவது உதைக்கு அப்புறம் காலை எடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாக அந்த வண்டியை உதைத்த கால் அது. நான் வெளியே வந்ததும், "வண்டி மக்கர் பண்ணுது" என்றார். வண்டியைப் பற்றி நல்லது தவிர எதுவும் சொல்லாத மனிதர் அதன் மேல் பழியைப் போட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நெஞ்சு டாக்டர் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சொன்னார். சனிக்கிழமைகூட இருப்பாராம். அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டேன். "காட்டுங்க, காட்டுங்க." சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, ஹெல்மெட்டை எடுத்துக் கொடுக்கும்போது. "காட்டுறேன்மா, காட்டுறேன்" என்பார். ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்படியிலேயே நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். இந்த மனிதருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்கிற நினைப்பு வந்தால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த செய்யுள் பாதியில் நிற்கும்.

ஒரு நாள் அவரே சொன்னார். "புதன்கிழமை லீவு சொல்லிட்டேன். கடலூர்ல காட்டிட்டு வந்துடுறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நானும் வரட்டுமா?"

"நீ எதுக்கு? வெயில்ல காத்துக் கெடக்கணும், கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்."

புதன்கிழமை எனக்குப் பரீட்சை மேற்பார்வை. மேஜைக்கு மேஜை நடந்துகொண்டே அவரை நினைத்தேன். எக்ஸ்ரே எடுத்திருப்பார்களா, என்ன சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். சாயங்காலம் வாசலில் சத்தம் கேட்டதும் ஓடினேன். ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

"காட்டியாச்சு."

"என்னா சொன்னாங்க?"

"நல்லா பாத்தாரு. முன்னாடி பின்னாடி எல்லாம் தட்டிப் பாத்தாரு. வயசுக்கு நல்லாத்தான் வச்சிருக்கீங்கன்னாரு."

"அப்புறம்?"

"பொகைதான் கொஞ்சம் ஜாஸ்தியாம். கொறைச்சுக்கங்கன்னாரு."

"நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? சரி, அந்தச் சத்தம்?"

"அது இந்த வயசுல இருக்கத்தான் இருக்கும்னுட்டாரு. இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் பிரச்சினையே இல்ல!"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரவையை வறுத்துக் கேசரி கிண்டினேன். முந்திரி தேடி எடுத்துப் போட்டேன். அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டு நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். "எஃப்சிக்கெல்லாம் கேசரியா!" என்று அவர் சொல்லியிருந்தால் அப்போதே எல்லாம் தெரிந்திருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மாத்திரை ஒண்ணும் எழுதலையா?"

அவர் கரண்டி தட்டிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். நான் வாய் நிறையக் கேசரியோடு அவரைப் பார்த்தேன்.

"இல்ல" என்றார். "ஒண்ணும் தேவையில்லன்னுட்டாங்க."

நான் இரண்டாம் தடவை கேசரி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் மாதிரி எங்களுக்கு எப்போதும் வாய்த்ததில்லை. இருபது வருடத்தில் நான் அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனது கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். எப்போதும் அவசரம், எப்போதும் முறைப்பு. இப்போது மனசு லேசாகிவிட்டது. போன உயிரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பதா? சனிக்கிழமை எனக்கு லீவு. அவருக்கு மரவாடியில் அரை நாள். அவர் வந்து கை கால் கழுவுவதற்குள் நான் புடவை மாற்றிக்கொண்டு நிற்பேன். "என்னங்க, சாமியார்பேட்டை பீச்சுக்குப் போலாம்." "என்னங்க, பரங்கிப்பேட்டைக்குப் போலாம்." ஒரு தடவை பிச்சாவரம். இன்னொரு தடவை எங்கே போவது என்று தெரியாமல் புவனகிரி வரைக்கும் போய் இட்லி தின்றுவிட்டு வந்தோம். எனக்காக சீட்டுக்குப் புது ஸ்பான்ஜ் போட்டார். வழியில் வண்டி நின்றால்கூட நான் கத்தவில்லை. அவர் பிளக்கைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு ரோட்டோரத்தில் கடலை உரித்துத் தின்றேன்.

சாமியார்பேட்டையில் ஒரு நாள் என் புடவைக் கொசுவம் முழுக்க நனைந்துவிட்டது. அவர் கரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா அப்படிப் பாக்கறீங்க?" என்றேன். "டீச்சரம்மாவுக்கு இப்பதான் வயசு கொறையுது" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சிகரெட்டையும் அநேகமாக விட்டுவிட்டார். டாக்டர் சொன்னதைக் கேட்கிறாரே என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். இருமல் இருந்தது. ஆனால் அதுதான் இந்த வயதில் இருக்கத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்களே! இருமுகிறபோதெல்லாம் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

2011 கோடையில் அவர் உடம்பு விடுவிடுவென்று இளைத்தது. தோள்பட்டையில் வலி என்றார். வண்டியைத் தம்பிதான் உதைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மரவாடியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். தம்பி கார் பிடித்துப் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். படம் எடுத்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி, எலும்புக்கும் போய்விட்டது என்றார்கள். அந்த டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ரொம்பப் பொறுமையாகத்தான் கேட்டார். "ஒரு வருஷம் முன்னாடி காட்டியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாமேம்மா. இருமல் ரொம்ப நாளாவே இருந்திருக்கே?"

"காட்டினோம்!" என்று நான் கத்திவிட்டேன். "கடலூர்ல காட்டினோம்! ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டான் அந்தப் பாவி!"

மறுநாளே மஞ்சக்குப்பம் போனேன். அந்த டாக்டரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்றுதான் போனேன். கிளினிக்கில் உட்கார்ந்திருந்த பெண் சீட்டு எங்கே, மாத்திரை எழுதிய தாள் எங்கே என்று கேட்டாள். என்னிடம் எதுவும் இல்லை. அவர் பெயரைச் சொன்னேன், அப்படி யாரும் வரவில்லை என்றாள். மறைக்கிறீர்கள், மனுஷன் உயிரோடு விளையாடுகிறீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். டாக்டரே வெளியில் வந்தார். வயதானவர். "நீங்க சொல்ற மாதிரி ஒருத்தர் வந்திருந்தா, எக்ஸ்ரே எடுக்காம நான் அனுப்பியிருக்க மாட்டேம்மா" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். நான் அதைத் தொடாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் சிதம்பரம் வரைக்கும் அந்த டாக்டரைச் சபித்துக்கொண்டே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில்தான் பாய் கடை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் ரோட்டிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். லீவு போட்டுக் காட்டப் போனாரே பாய், வயசுக்கு நல்லா இருக்குன்னு சொன்னானே பாய், புகையைக் குறைன்னு மட்டும் சொல்லி அனுப்பினானே.

பாய் எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்தபடியே நின்றார்.

"டீச்சர், அன்னிக்கு நானுந்தான் கூடப் போனேன். எஃப்சி காட்ட. வயசுக்கு நல்லா வச்சிருக்கீங்கன்னு பிரேக் இன்ஸ்பெக்டருல்ல சொன்னாரு? அண்ணனுக்கு என்னா சந்தோஷம்! முடிஞ்சதும் டீ குடிச்சிட்டு நேரா ஊருக்குத்தான் வந்தோம். டாக்டருகிட்டல்லாம் போவலியே."

நான் அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்புக்குச் சிலேடை நடத்துகிறவள் நான். ஒரு சொல் இரண்டு பொருளில் நிற்கும் பிள்ளைகளே என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். வண்டியையும் காட்டுகிறோம், உடம்பையும் காட்டுகிறோம். எதை என்று சொல்வதில்லை, சொல்லாமலே புரிந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் புரிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் பாண்டிச்சேரிக்குப் போனேன். வார்டில் மூக்குக் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தம்பியை டீ குடிக்க அனுப்பினேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க வண்டியத்தான காட்டினீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாம்மா" என்றார்.

"நான் உங்களப் பத்திக் கேக்கறேன்னு தெரியாதா?"

"மொதல்ல தெரியல. சத்தியமா தெரியல. வண்டியத்தான் கேக்கறன்னு நெனச்சேன். நீ மாத்திரை எழுதலையான்னு கேட்ட பாரு, அப்பதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்லுவேன்? ஒரு மாசமா நீ நின்னுகிட்டே தின்ன. அன்னிக்குத்தான் என்கூட உக்காந்து சாப்பிட்ட."

ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். நான் விடவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். "அதுக்காக? அடப்பாவி மனுஷா! அப்புறமாவது போயிருக்கலாமில்ல? ஒரு வருஷம் இருந்துச்சே! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உங்களுக்குக் கிடைக்கலையா? அந்த இரும்புக்கு லீவு போட்டீங்களே, உங்களுக்குப் போட முடியலையா?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். நர்ஸ் வந்து, மெதுவாகப் பேசுங்கம்மா என்றாள். நான் புடவையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"வர்ற சனிக்கிழமை போயிடலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. அந்தச் சனிக்கிழமை நீ சாமியார்பேட்டைக்குப் போலாம்ன. சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அடுத்த வாரம் பரங்கிப்பேட்டைன்ன. வாசல்ல புடவை கட்டிகிட்டு நிக்கற. வண்டியில ஏறுனதுலருந்து பேசிகிட்டே வர்ற, சிரிச்சிகிட்டே வர்ற. அப்படி வர்றவள எறக்கி வுட்டுட்டு, நான் கடலூருக்குப் போயி காட்டிட்டு வரேன்னு எப்படிச் சொல்லுறது?"

அவர் நெற்றியில் வேர்த்திருந்தது, துடைத்துவிட்டேன். தலையணையைச் சரி செய்தேன். மழைக்காலம் பிறப்பதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

இப்போது வருடம் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம், நல்ல நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள் டீச்சர், மனசு தேறும் என்கிறார்கள். எனக்கு இருக்கிற நல்ல நாட்கள் அந்தச் சனிக்கிழமைகள்தான். அவற்றில் எதை எடுத்து நினைத்தாலும், அன்று சாயங்காலம் மஞ்சக்குப்பத்தில் அந்த டாக்டர் கிளினிக்கைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார் என்பதுதான் முதலில் வருகிறது.